வேலைக்குத் திரும்பும் சிஸ்டருக்காக ஒரு பக்கக் கடிதம்

மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் என்பதால், நோயாளிகளை என்னிடம் அழைத்து வருகிற சிஸ்டர்களும் வார்டு உதவியாளர்களுமே ஒருநாள் சிகிச்சைக்கு வந்து படுப்பதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் இடுப்பு வலி. கனத்த நோயாளியைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியபோது மறுபக்கம் பிடிக்க ஆள் இருந்திருக்காது.

எலும்பு முறிவு வார்டில் வேலை செய்யும் ஒரு சிஸ்டருக்கு டிஸ்க் விலகி, வலி இடது கால்வரை இறங்கியிருந்தது. ஆறு வாரம் விடுப்பில் இருந்து திரும்பியபோது அவர் கொண்டுவந்த சான்றிதழில் 'பணிக்குத் தகுதியானவர்' என்று ஒரே வரி. முதல் வாரமே ரோஸ்டரில் நைட் டூட்டி விழுந்தது. இரவில் நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைக்கும் வேலையும் சேர்ந்தே வந்தது. வாரம் முடிவதற்குள் மறுபடி என்னிடம் வந்துவிட்டார். வார்டு இன்சார்ஜைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கைக்கு வந்த தகவலே அந்த ஒரு வரிதான்.

பிரிட்டனில் 2010 முதல் மருத்துவர் தரும் சான்றிதழில், முடியாது என்பதோடு, 'சில மாற்றங்கள் செய்தால் வேலை செய்யலாம்' என்று குறிக்கவும் இடம் உண்டு. படிப்படியாகத் திரும்புதல், நேர மாற்றம், வேலை மாற்றம், பணியிட வசதி என்று அதில் தேர்ந்து காட்டலாம். நம் சான்றிதழில் அப்படி இல்லையே என்று காத்திராமல், இன்சார்ஜுக்கு நானே ஒரு பக்கக் கடிதம் எழுதத் தொடங்கினேன். அந்த சிஸ்டருக்காக எழுதியது இது: மருந்து கொடுக்கலாம், ஊசி போடலாம், கேஸ் ஷீட் எழுதலாம், கட்டிலை உயர்த்திக்கொண்டு டிரெஸ்ஸிங் செய்யலாம். ஆளைத் தூக்கவோ திருப்பவோ வேண்டாம். முதல் இரண்டு வாரம் காலையில் நான்கு மணி நேரம், பிறகு முழு ஷிஃப்ட், கடைசியாகத்தான் நைட் டூட்டி. மறுபரிசோதனைத் தேதியும் கட்டாயம் இருக்கும்.

அந்தத் தேதிதான் உடன் வேலை செய்பவர்களின் மனக்குறையைத் தணித்தது. "அவங்களுக்கு மட்டும் ஏன் சலுகை?" என்ற முணுமுணுப்பு முதுகுவலியைவிட அவரை வாட்டியது. அவர் சம்மதத்துடன் வார்டில் எல்லோருக்கும் விளக்கினோம். தூக்கும் வேலையை மற்றவர்கள் ஏற்றார்கள். அவர்களுடைய மருந்துச் சுற்றையும் டிஸ்சார்ஜ் விளக்கங்களையும் இவர் எடுத்துக்கொண்டார். லைட் டூட்டி என்ற பெயரில் அனுபவமுள்ள சிஸ்டரை ரெஜிஸ்டர் எழுத உட்காரவைப்பது எனக்குச் சம்மதமில்லை. அவர் கற்ற தொழில் நோயாளியின் பக்கத்தில் இருக்கிறது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உள்ளவர்களுக்குச் சாதாரண நோய் விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாவிட்டால் 90 சதவீதம். விபத்தை அன்றே பதிவு செய்யாமல் 'வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறேன்' என்று கிளம்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தை இழந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் இதில் அதிகம் இழக்கிறார்கள். குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்தினால்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிற இடத்தில் அந்த நேரம் கைநழுவிப் போகும்.

அரசு ஊழியர்களுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் வேலையைவிட்டு நீக்கக்கூடாது, பதவியையும் குறைக்கக்கூடாது. பழைய வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் மருத்துவமனைச் சிஸ்டர்களுக்கும் இந்த அளவு உறுதி கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த சிஸ்டர் இப்போது முழு ஷிஃப்ட் பார்க்கிறார். நைட் டூட்டிக்கு இன்னும் நான் சம்மதிக்கவில்லை. நோயாளியைத் தூக்காமல் நகர்த்த உதவும் வழுக்கு விரிப்புகளை அந்த வார்டுக்கு வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். அவை வந்த பிறகு ரோஸ்டரைப் பற்றிப் பேசலாம் என்று இன்சார்ஜிடம் சொல்லியிருக்கிறேன்.