வேலையை விட்டு முழுநேர ஃப்ரீலான்ஸ்: பணம் எப்போது கைக்கு வரும் என்ற கணக்கு

சம்பள வேலையை விட்டு முழுநேர ஃப்ரீலான்ஸ் டெவலப்பர் ஆக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "புராஜெக்ட் கிடைக்குமா?" என்றுதான். ஐந்தாறு வருடம் ப்ரொடக்‌ஷனில் ஓடும் கோடு எழுதிப் பழகியவர்களுக்குப் பழைய சகாக்கள் வழியாகப் பெரும்பாலும் முதல் புராஜெக்ட் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பலர் ஒரு வருடத்துக்குள் மறுபடி ரெஸ்யூமே அனுப்பத் தொடங்குவதற்குக் காரணம், வேலை செய்த நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே விழும் இடைவெளி. மாதக் கடைசியில் சம்பளம் வந்து பழகியவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்தியாவில் இருந்துகொண்டு தனி ஆளாக உள்ளூர், வெளிநாட்டு கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்யப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31 கடைசி வேலை நாள். ஏப்ரல் 1-இலிருந்து பேச்சு, எஸ்டிமேட், ஒப்பந்தம் என்று ஐந்து வாரம். மே முதல் வாரம் வேலை தொடங்குகிறது. ஐந்து வாரத்தில் முதல் பகுதியை முடித்து ஜூன் நடுவில் இன்வாய்ஸ் போகிறது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளில் பணம் என்றால் ஜூலை நடு. கிளையன்ட்டின் அக்கவுன்ட்ஸ் பிரிவு ஒரு சுற்று தள்ளிப்போட்டால் ஜூலை கடைசி. எதுவுமே தப்பாகப் போகாமல் நான்கு மாதம் ஆகிவிட்டது. அதனால் வீட்டுச் செலவும் இஎம்ஐ-யும் சேர்த்து ஆறு மாதப் பணம் கையிருப்பு வேண்டும். வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் ஒன்பது மாதம். இந்தப் பணம் மியூச்சுவல் ஃபண்டில் இருக்கக் கூடாது. எஃப்டியிலோ சேமிப்புக் கணக்கிலோ இருக்கட்டும். சந்தை விழுந்திருக்கும் மாதத்தில்தான் ஃபண்டை விற்க வேண்டிவரும்.

ராஜினாமா கொடுக்கும் முன்பே

நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் அது உங்களுக்குக் கிடைக்கும் வசதி. சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போது மட்டும் சுலபமாக முடியும் வேலைகள் சில உண்டு. வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு இரண்டும் அதில் முதன்மை. சுயதொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்கும். கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு; ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைக்கலாம். குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. பழைய கவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்ஆரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு ஆறுதல்.

கிராஜுவிட்டிக்கு நிரந்தர ஊழியர்களுக்கு ஐந்து வருடச் சேவை வேண்டும். நான்கரை வருடத்தில் நிற்பவர்கள் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஐந்து வருடத் தொடர் சேவை முடியாமல் எடுத்தால் அதற்கு வரி உண்டு. போர்ட்டலில் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் கிளெய்ம் நிற்கும்.

பன்னாட்டு நிறுவனத்தில் இருந்தவர்கள் ஆர்எஸ்யூ (நிறுவனம் ஊழியருக்குத் தவணை தவணையாகத் தரும் பங்குகள்) அட்டவணையைத் திறந்து பாருங்கள். வெஸ்ட் ஆகாதது, அதாவது இன்னும் உங்களுக்குச் சொந்தமாகாதது, பெரும்பாலும் போய்விடும். வெஸ்ட் ஆகி வெளிநாட்டு புரோக்கர் கணக்கில் கிடக்கும் பங்குகள் வெளிநாட்டுச் சொத்து. அவை ஒன்றிரண்டு இருந்தால்கூட எளிய ஐடிஆர்-4 வருமான வரிப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது, ஐடிஆர்-3 தான் போட வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் ரகசியம் காக்கும் நிபந்தனையையும், பழைய நிறுவனத்தின் கிளையன்ட்டை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் அதே மாதிரி தள்ளிவிட முடியாது. கம்பெனி லேப்டாப்பில் எழுதிய சொந்த டூல்களையும் கூடவே எடுத்து வராதீர்கள்.

மணிக்கு எவ்வளவு?

18 லட்சம் சிடிசி (வருட மொத்தச் சம்பளத் தொகுப்பு) வாங்குபவர் அதை 2,080 மணி நேரத்தால் (வாரம் 40 மணி, 52 வாரம்) வகுத்து, மணிக்கு 865 ரூபாய் என்று வருவதைப் பார்த்து, "சரி, 1,000 கேட்போம்" என்று தொடங்குகிறார். இது நேராக நஷ்டத்துக்குப் போகும் வழி. வருடத்தில் 365 நாள். சனி ஞாயிறு 104 போனால் 261. அரசு விடுமுறை 12, காய்ச்சல், ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று 15 போனால் 234. இதில் பில் போட முடிந்தது 65 சதவீதம்தான். மீதி எஸ்டிமேட் எழுதுவது, கிளையன்ட்டோடு பேசுவது, கணக்கு வழக்கு, புதிதாகக் கற்பது என்று போய்விடும். ஆக 152 நாள். ஒரு நாளைக்கு உண்மையில் பில் போடக்கூடியது ஆறு மணி நேரம். மொத்தம் 912 மணி.

இனி செலவு. காப்பீடு 35,000, நான்கு வருடம் ஓடும் 1,20,000 ரூபாய் லேப்டாப்புக்கு வருடம் 30,000, இரண்டு இன்டர்நெட் இணைப்பும் இன்வெர்ட்டரும் 25,000, கிளவுட், சாஃப்ட்வேர் சந்தா 40,000, ஆடிட்டருக்கு 30,000. கூட்டினால் 1.6 லட்சம். வராமல் போகும் பணத்துக்கு 5 சதவீதம் சேர்த்தால் மொத்தம் 20.6 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 912-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 2,250 ரூபாய். பழைய சம்பளத்தில் நிற்பதற்கே இவ்வளவு வேண்டும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பழைய மணிக்கூலியைப் போல இரண்டரை மடங்குக்குப் பக்கத்தில்தான் வரும்.

இரண்டு இன்டர்நெட் இணைப்பு ஆடம்பரம் இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கிப் பல மணி நேரம் நீளும். அன்றைக்குத்தான் டெப்ளாய்மென்ட் இருக்கும்.

ஒப்பந்தத்தில் எதை விடக் கூடாது

புராஜெக்ட் தொகையை 30-40-30 என்று பிரித்து, கடைசி 30 சதவீதம் சைட் லைவ் ஆனதும் என்று எழுதுவது மிகச் சாதாரணம். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. லைவ் போவது கிளையன்ட் கையில் இருக்கிறது. போட்டோ வரவில்லை, பேமென்ட் கேட்வே அனுமதி வரவில்லை, நல்ல நாள் பார்க்கிறோம் என்று மூன்று மாதம் தள்ளும், உங்கள் பணமும் கூடவே தள்ளும். "ஸ்டேஜிங் (சோதனை) சர்வரில் ஒப்படைத்த தேதியிலிருந்து 7 வேலை நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும், அன்று கடைசித் தவணை" என்று எழுதுங்கள். பெரிய வேலையை இரண்டு வாரத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் பில் போட்டால் இன்னும் நல்லது. ஒரு தவணை வராவிட்டால் அடுத்த துண்டைத் தொடங்காமல் நின்றுவிடலாம். முடிந்த அளவு அட்வான்ஸ் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். மேலே சொன்ன நான்கு மாதத்தை இரண்டாகக் குறைப்பது அதுதான்.

கோடு யாருக்குச் சொந்தம் என்பதிலும் கவனம் வேண்டும். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கு. ஃப்ரீலான்ஸர் ஊழியர் இல்லை; வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமை அவருக்கே. அதை மாற்றித் தர எழுத்தில் கையெழுத்து வேண்டும். 19-ஆம் பிரிவின்படி, எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். விவரம் தெரிந்த வெளிநாட்டு கிளையன்ட் "உலகம் முழுதும், பதிப்புரிமைக் காலம் முழுதும்" என்று கேட்பார். கொடுங்கள், கூடவே "முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே உரிமை மாறும்" என்ற ஒரு வரியைச் சேருங்கள். பல புராஜெக்ட்டில் நீங்கள் பயன்படுத்தும் பொதுவான லைப்ரரிகளை இதிலிருந்து விலக்கி, பயன்படுத்தும் அனுமதி மட்டும் கொடுங்கள். டொமைன், ஹோஸ்டிங் எப்போதும் கிளையன்ட் பெயரிலேயே இருக்கட்டும். பணத்துக்காக டொமைனைப் பிடித்து வைத்துக்கொள்வது அசிங்கமான சண்டையில்தான் முடியும்.

ஜிஎஸ்டி, டிடிஎஸ்: சொந்தப் பணம் எவ்வளவு?

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் இந்த 20 லட்சத்தில் சேரும். "எக்ஸ்போர்ட்டுக்கு வரி இல்லையே" என்று பதிவே செய்யாமல் இருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். வரி பூஜ்யம் என்றாலும் பதிவு வேண்டும், எல்யூடியும் (வரி கட்டாமல் எக்ஸ்போர்ட் செய்ய ஜிஎஸ்டி துறைக்குத் தரும் உறுதிக் கடிதம்) வேண்டும். எல்யூடி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிது. இல்லாமல் பில் போட்டால் வரியைக் கட்டிவிட்டுப் பிறகு ரீஃபண்டுக்கு அலைய வேண்டும்.

உள்ளூர் கிளையன்ட்டுக்கு ஒரு பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேலைக்கு 2,00,000, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 36,000. கிளையன்ட் 2,00,000-இல் 10 சதவீதம் டிடிஎஸ் (உங்கள் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பது), அதாவது 20,000 பிடித்துக்கொண்டு 2,16,000 அனுப்புவார். (டெக்னிக்கல் சர்வீஸ் என்று வகைப்படுத்தி 2 சதவீதம் மட்டும் பிடிப்பவர்களும் உண்டு.) வந்த 2,16,000-இல் 36,000 அரசுக்கு. உங்களுடையது 1,80,000. மீதி 20,000 ரிட்டர்ன் போட்ட பிறகு வரியில் கழியும் அல்லது திரும்பி வரும். சிக்கல் எங்கே என்றால், மாத ரிட்டர்ன் போடுபவர் இந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கிளையன்ட் 60 நாள் கழித்துப் பணம் தந்தால், அந்த 36,000 உங்கள் கையிருப்பிலிருந்து முதலில் போகும். அதனால் உள்ளூர் பில்களுக்குப் பணம் தரும் கெடுவைச் சுருக்குங்கள். ஜிஎஸ்டி பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, வந்த அன்றே அதில் மாற்றிவிடுங்கள். பில்லே இல்லாத மாதத்திலும் ரிட்டர்ன் போட வேண்டும். நில் ரிட்டர்ன் தாமதமானாலே ஒரு நாளைக்கு 20 ரூபாய் அபராதம்.

வெளிநாட்டுப் பணத்தில் இரண்டே விஷயம். வங்கிகளுக்கு இடையிலான ஸ்விஃப்ட் வழியாக வந்தால் நடுவில் இருக்கும் வங்கி ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும். வங்கிக் கட்டணம் முழுதும் அனுப்புபவருடையது என்று இன்வாய்ஸிலேயே எழுதுங்கள். வங்கி நோக்கக் குறியீடு கேட்டால் மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டு வரவுச் சான்றிதழை வாங்கிச் சேமித்து வையுங்கள். எக்ஸ்போர்ட் என்று நிரூபிக்க ஜிஎஸ்டியில் கேட்கப்படும் காகிதம் அதுதான். அமெரிக்க கிளையன்ட் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்பதற்கான உறுதிமொழி அது.

வருமான வரியில் தனி ஆள் டெவலப்பருக்குப் பெரிய வசதி, பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்று இருந்த ஏற்பாடு. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் ஆடிட்டர்கள் பழைய எண்ணைச் சொல்லியே பேசுகிறார்கள். வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை, பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். 24 லட்சம் வரவுக்கு 12 லட்சம் வருமானம். வேறு வருமானம் இல்லாவிட்டால் 2025-26 நிதியாண்டின் விதிப்படி புதிய வரி முறையில் வரி பூஜ்யம். ஆனால் வேலையை விட்ட வருடத்தில் சில மாதச் சம்பளமும் அதோடு சேரும். லேப்டாப், இன்டர்நெட் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்தப் பாதிக்குள் அடக்கம். வரவில் பெரும்பகுதியை வேறு டெவலப்பர்களுக்குக் கூலியாகக் கொடுப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) முதல் வாரமே செய்துவிடுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் போதும், இலவசம். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இடி சட்டப்படி குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் மாதக் கூட்டு வட்டி. கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், அந்தச் செலவைப் பணம் தரும் வருடம் வரை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. அதனால் உத்யம் எண்ணை இன்வாய்ஸின் தலைப்பிலேயே போடுங்கள். மார்ச் மாதத்தில் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து அவர்களே கூப்பிடுவார்கள்.

அதே மார்ச்சில் உங்களுக்கும் இரண்டு வேலை இருக்கிறது. 44ஏடிஏ முறையில் வரி கட்ட வேண்டியவர்கள் முழு அட்வான்ஸ் டாக்ஸையும் 15-ஆம் தேதிக்குள் ஒரே தவணையாகக் கட்ட வேண்டும். எல்யூடியை ஏப்ரல் முதல் இன்வாய்ஸ் போகும் முன் புதுப்பித்துவிட வேண்டும்.