மொட்டை மாடியில் இரும்பு வெட்டினேன்: 14 துண்டு, மூன்று ஞாயிறு

மாடியில் தொட்டிகளைத் தரையோடு வைத்திருந்தோம். மழைக்காலத்தில் தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்துவிடும். போன ஐப்பசியில் அம்மா அந்தப் பாசியில் கால் வைத்து வழுக்கி, நல்லவேளையாகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். தொட்டிகளை ஏற்றி வைக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு செய்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நாலு அடி நீளம், ஒரு அடி அகலம், மூன்று அடி உயரம், இரண்டு தட்டு. எனக்கு வெல்டிங் தெரியாது. தெருமுனைப் பட்டறை அண்ணனிடம் கேட்டேன். “அளவா வெட்டிக் கொண்டு வாங்க தம்பி, ஒட்டிக் கொடுத்துடறேன்” என்றார். ஆக, வெட்டுவது என் வேலை.

ஒரு அங்குலச் சதுர பைப், சுவரின் தடிமன் 1.6 மி.மீ., 20 அடி நீளத்தில் இரண்டு வாங்கினேன். இரும்புக் கடையில் எடை போட்டுத்தான் தருவார்கள். இந்தத் தடிமனுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 1.18 கிலோ வரும். 20 அடிக்கு ஏழு கிலோவும் கொஞ்சமும். தராசு ஆறு கிலோ காட்டினால் பைப்பின் தடிமன் குறைவு என்று தெரிந்துகொள்ளலாம். ஆட்டோவில் ஏற்றுவதற்காக இரண்டையும் கடையிலேயே பாதியாக வெட்டித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் நாலு அடியில் நாலு, மூன்று அடியில் நாலு, ஒரு அடியில் ஆறு. மொத்தம் 14 வெட்டு.

முதல் ஞாயிறு

கையில் இருந்தது பழைய ஆக்சா பிரேம், அதாவது இரும்பு அறுக்கும் கைவாளின் சட்டம். அதற்குப் பக்கத்துக் கடையில் கிடைத்த மலிவான பிளேடு ஒன்றை மாட்டி, பைப்பை ஸ்டூல் மேல் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு அறுத்தேன். மேல்பக்கம் சுலபமாக இறங்கியது. அது அறுந்து பிளேடு உள்ளே போனதும் கடக் கடக் என்று பல் மாட்ட ஆரம்பித்தது. இரண்டாவது துண்டிலேயே வரிசையாக ஐந்தாறு பல் உதிர்ந்துவிட்டது. வெட்டிய முகமும் சாய்வு. செங்கோணம் சரிபார்க்கும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் இரண்டு மி.மீ. வெளிச்சம் தெரிந்தது.

பல் ஏன் உதிர்கிறது என்று அன்று மாலை முழுக்க யோசித்தேன். அந்த பிளேடில் இருந்ததுபோல அங்குலத்துக்கு 24 பல் என்றால் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். மேல்பக்கத்தை அறுக்கும்போது அங்குல அகலத்தில் இருபதுக்கு மேற்பட்ட பல் ஒன்றாக உட்கார்ந்து நகர்கிறது. அந்தப் பக்கம் முடிந்ததும் மிச்சம் இருப்பது 1.6 மி.மீ. கனமுள்ள இரண்டு சுவர். ஒவ்வொரு சுவரிலும் ஒன்றோ இரண்டோ பல்தான் நிற்கும். சுவர் இரண்டு பல்லுக்கு நடுவே விழுந்து மாட்டிக்கொள்கிறது. தள்ளுகிற வேகத்தில் பல் ஒடிகிறது. எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் இருக்க வேண்டும் என்று பட்டறைகளில் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் ஞாயிறு

அந்த வாரம் பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போனேன். கட்டிங் மிஷின் வாங்கும் எண்ணத்தில்தான் போனேன். கடைப் பெரியவர், “எதுல புடிச்சு வெட்டுறீங்க தம்பி?” என்று கேட்டார். காலால் மிதித்து என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நாலு அங்குல பெஞ்ச் வைஸ் (பலகையில் பொருத்தி, வெட்டும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். விலை ஆயிரத்து ஐநூறுக்குப் பக்கம். கூடவே அங்குலத்துக்கு 32 பல் உள்ள பைமெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த) பிளேடு இரண்டு, ஒரு தட்டை அரம். இந்த மொத்தச் செலவில் அந்த வைஸுக்குக் கொடுத்த பணத்தைப் போல வேறு எதுவும் எனக்குப் பயன்படவில்லை.

பழைய கதவுப் பலகையில் வைஸை போல்ட் போட்டு இறுக்கினேன். பிளேடின் பல் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, விரலால் சுண்டினால் டிங் என்று சத்தம் வரும்வரை முறுக்கினேன். பைப்பின் நாலு பக்கமும் கோடு போட்டேன். ஒரு பக்கம் அறுந்ததும் பைப்பைத் திருப்பி அடுத்த பக்கம், அப்புறம் அதற்கடுத்த பக்கம். இப்படித் திருப்பினால் எப்போதும் தட்டையான பக்கத்தில்தான் பிளேடு ஓடும், பல் மாட்டாது. நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது இழுப்பு, தள்ளும்போது மட்டும் அழுத்தம், கூடவே ஒரு சொட்டு எண்ணெய். ஒரு வெட்டுக்கு நாலு நிமிடம். மூலைமட்டத்தில் வெளிச்சம் தெரியவில்லை. அன்று ஆறு துண்டு, ஒரே பிளேடு. ஒரு பல்கூடப் போகவில்லை.

மூன்றாம் ஞாயிறு

தோள்பட்டை வலித்தது, மிச்சம் ஆறு துண்டும் இருந்தது. தம்பி அவன் நண்பனிடமிருந்து நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் (சுழலும் வட்டால் இரும்பை வெட்டும் கை மிஷின்) வாங்கி வந்தான். 850 வாட், வீட்டுச் சாதாரண பிளக்கிலேயே ஓடும். தரையில் வைத்து இரும்பு வெட்டும் 14 அங்குல கட்டாஃப் மெஷின் வாங்கலாமா என்றும் பார்த்தேன். 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக் வேண்டும், தூக்கி வைக்கத் தனியாக இடமும் வேண்டும். 14 துண்டு வெட்டுவதற்கு அது தேவையில்லை.

கிரைண்டரில் மாட்டும் கட்டிங் வீலை, அதாவது வெட்டும் வட்டை, பார்த்து எடுக்க வேண்டும். நான் போட்டது 1 மி.மீ. கனமுள்ளது, விலை முப்பது ரூபாய்க்குள். வீலில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம் மிஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்: என் மிஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று, வீலில் 15,000க்கு மேல். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதியும் இருந்தது. வீலைப் பிணைத்திருக்கும் பிசின் ஈரத்தில் வலுவிழக்கும், அதனால் பழைய வீல் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மெல்லிய வீலின் பக்கவாட்டில் வைத்துப் பிசிறு தேய்க்கவும் கூடாது, உடைந்து தெறிக்கும். வீலை மூடியிருக்கும் கார்டை (பாதுகாப்பு மூடியை) கழற்றாமல், முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு போட்டுக்கொண்டேன்.

ஒரு வெட்டுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வெட்டுப்படும் துண்டு தொங்கிக்கொண்டிருந்தால், முடிகிற நேரத்தில் அது சாய்ந்து வீலை இறுக்கிப் பிடிக்கும். மிஷின் கையை உதறித் தள்ளும். நாலாவது துண்டில் எனக்கு அது நடந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் காயமில்லை. அதன்பிறகு வைஸுக்கு வெளியே நீளும் பக்கம் குட்டையாகவும், தடையில்லாமல் கீழே விழும்படியும் வைத்துக்கொண்டேன். இரும்பு சூட்டில் நீலம் பாய்ந்து, ஓரத்தில் தடித்த பிசிறு நின்றது. ஆக்சா வெட்டைவிட அரம் போடும் வேலை இதில் அதிகம்.

தீப்பொறி எந்தத் திசையில் போகும் என்று கவனித்துத்தான் நின்றேன், கொடியில் துணி இல்லை. ஆனாலும் மறுநாள் காலை தளத்து ஓடுகளில் கடுகு தூவினாற்போலத் துருப்புள்ளிகள். இரவுப் பனியில் இரும்புத்தூள் அப்படியே துருப்பிடித்திருந்தது. வெட்டி முடித்த கையோடு காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தளத்தில் இழுத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை துண்டுகளைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணன் நாலு கால்களையும் தரையில் நிறுத்தி அவற்றின் மேல்முனைகளைத் தடவிப் பார்த்தார். மூன்று சரி. முதல் ஞாயிறு வெட்டிய ஒரு கால் இரண்டு மி.மீ. குட்டை. “அடியில ஒரு துண்டுத் தகடு வெச்சுடலாம்” என்றார். துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் ஒரு கோட்டு அடித்தாயிற்று. பெயிண்ட் காய்ந்ததும் முதலில் ஏறப்போவது அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டி.