பெட்டி ரெடி, பில்தான் நகரவில்லை

கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறை வைத்து, ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறவர்களுக்குப் புரோட்டோடைப், அதாவது முதல் மாதிரி, செய்து கொடுக்கிறேன். போன வாரம்தான் ஒரு பழைய பாக்கி வந்து சேர்ந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வந்தவர் ஒரு தம்பி. தோட்டத்து மோட்டார் ஓடுகிறதா, தண்ணீரில்லாமல் சுற்றுகிறதா என்று போனுக்குச் சொல்லும் பெட்டி வேண்டும் என்றார். வேலையில் பெரிய சிக்கல் இல்லை. மெசேஜ் அனுப்ப உள்ளே இருக்கும் சிம் மாட்யூல் சிக்னல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண சார்ஜரில் ஓட்டினால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும், அதனால் சப்ளையைத் தாராளமாக வைத்தோம். தகரக் கொட்டகை வெயிலுக்கு பிஎல்ஏ பிளாஸ்டிக் நெளிந்துவிடும் என்று பெட்டியை, சூடு தாங்கும் பெட்ஜி பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்தோம். அவ்வளவுதான்.

வில்லங்கம் பணத்தில். தம்பிக்கு ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி கிடைத்திருந்தது. அதில் புரோட்டோடைப்புக்கு 20 லட்சம் வரை மானியம் இருந்தது, ஆனால் இன்குபேட்டர் என்கிற, ஸ்டார்ட்அப்களை வளர்த்துவிடும் மையம் வழியாகத் தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணை அட்வான்ஸுக்கும் உதிரிபாகங்களுக்கும் சரியாகப் போய்விட்டது. மீதிக்கு பில் போட்டேன். இன்குபேட்டரில் கணக்குப் பார்ப்பவர், "இந்த பில்லுக்குப் பணம் கட்டின ரசீது காட்டுங்க, அடுத்த தவணை விடுறோம்" என்றார். தவணை வந்தால்தானே தம்பி எனக்குக் கட்ட முடியும்! சாமி வரம் கொடுத்தாச்சு, பூசாரி விடவில்லை. அப்புறம் ஆடிட் என்றார், அப்புறம் லீவு.

இதற்கிடையில் பில் போட்ட பாவத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் என் கையிலிருந்து கட்டினேன். பணம் வந்ததா என்று வரித் துறை கேட்பதில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு என்னிடம் இருக்கிறது. 45 நாளுக்குள் தராவிட்டால் கூட்டுவட்டி கேட்கலாம், அரசிடம் புகாரும் போடலாம். ஆனால் பையில் காசில்லாத தம்பி மேல் புகார் போட்டு என்ன கிடைக்கும்?

கடைசியில் தம்பியிடம் மானிய அனுமதிக் கடிதத்தையே வாங்கிப் படித்தேன். இரண்டாம் தவணைக்கு நிபந்தனை 'இயங்கும் மாதிரியைக் காட்டுதல்' என்று தெளிவாகப் போட்டிருந்தது. ரசீது பற்றி ஒரு வரி கிடையாது. அரை ஹெச்பி மோட்டாரையும் பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கணக்குக்காரர் மேஜைக்குப் பக்கத்திலேயே ஓட்டிக் காட்டினோம். 'மோட்டார் ஆன்' என்று அவர் போனுக்கே மெசேஜ் போனது. கடிதத்தில் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டு நீட்டினேன். ஒன்றும் பேசாமல் ஃபைலை எடுத்து மேலே அனுப்பினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், மானியத்தில் வரும் வேலை என்றால் கொட்டேஷன் கொடுக்கும் முன்பே அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். அதில் இருக்கும் கட்டங்களுக்கே உங்கள் தவணைகளையும் பொருத்துங்கள். கட்டம் முடியும் வரை புரோஃபார்மா, அதாவது வரி பில்லுக்கு முந்தைய மாதிரி பில், போதும். முடிந்ததும் வரி பில் போட்டுவிட வேண்டும், அதைத் தள்ள முடியாது. கெர்பர் ஃபைலும் (சர்க்யூட் போர்டின் வரைபடம்) சாஃப்ட்வேர் கோடும் கடைசித் தவணை வந்த பிறகுதான் கொடுப்பேன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி இதற்கு உடனே சரி என்றார். சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் அட்வான்ஸைக் கொஞ்சம் கூட்டிக் கேட்பேன்.