நான்கு தவறிய அழைப்புகள்

மிக்ஜாம் புயல் மழையில், 2023 டிசம்பர் 4 அன்று, சென்னை வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் தரைக்கீழ்த் தளம் மூழ்கியது. கார்கள், ஜெனரேட்டர், மின்பலகை எல்லாம் தண்ணீருக்குள். மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. சம்ப்பில், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில், சாக்கடை கலந்துவிட்டது. நான்தான் அப்போது சங்கச் செயலாளர்.

தண்ணீர் வடிந்ததும் கூட்டிய முதல் கூட்டம் இருபது நிமிடத்தில் சந்தைக்கடை ஆனது. பழி முழுவதும் வாட்ச்மேன் தலையில். அவர் தூணோரம் பேசாமல் நின்றார்.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற மூன்றாம் மாடிப் பெரியவர்தான் வழி சொன்னார். "யார் செய்தது என்பதை விடுங்கள். எத்தனை மணிக்கு யாருக்கு என்ன தெரியும், அதை மட்டும் எழுதுங்கள்." அடுத்த ஞாயிறு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். கைப்பேசிப் படங்களில் பதிவான நேரத்தை வைத்தே பாதிப் பக்கம் நிரம்பியது. 3.10: வாசலில் தண்ணீர். 3.20: வாட்ச்மேன் செயலாளரை நான்கு முறை அழைக்கிறார். என் கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். நான்கும் இருந்தன, ஒலியை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அந்த வரியை என் கையாலேயே எழுதினேன். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டது அதைவிடச் சிரமமாக இருந்தது.

5.30க்கு மோட்டார் நின்றது. தண்ணீரை இறைக்கும் மோட்டாருக்கு ஜெனரேட்டர்தான் துணை. அந்த ஜெனரேட்டரோ தண்ணீர் சேரும் அதே பள்ளத்தில்! இது யாருக்கும் தோன்றவில்லையா என்று பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், 2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: "ஜெனரேட்டரை மேலே ஏற்ற வேண்டும்." யார் ஏற்றுவது, எப்போதைக்குள், எந்தப் பணத்தில் என்று ஒரு சொல் இல்லை. எட்டு ஆண்டுகள் அந்த வரி அப்படியே கிடந்திருக்கிறது.

இந்த முறை ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒருவர் பெயரும் கெடு தேதியும் போட்டோம். ஜெனரேட்டருக்கு மேடை கட்டப் பணம் திரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இரவு அழைப்புக்கு என்னோடு இன்னும் இருவர். செல்பேசிக் கோபுரங்களே செயலிழந்தால் என்ன செய்வது? கதவைத் தட்ட மாடிக்கு ஒருவர், ஒரு விசில்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது ஊரே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசைகட்டி நிறுத்தியது. எங்களுடையவையும் நேரத்தோடு மேலே போய்விட்டன. ஆனால் லிஃப்ட்டை மேல்மாடியில் நிறுத்தி அணைத்து வைக்க மறந்துவிட்டோம். அதுவும் நோட்டில் ஏறியிருக்கிறது. எதிரே என் பெயர்.