சேங்கொட்டைக் குறி

போன தை மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், ஒரு பழைய சாமான் கடையில் கண்டாங்கிச் சேலை ஒன்று வாங்கினேன். பித்தளை அண்டா, எனாமல் தூக்குவாளி, தேக்குத் தூண் என்று செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கியதெல்லாம் அந்தத் தெருவில் கிடைக்கும். துணி மட்டும் எப்போதாவதுதான் கண்ணில் படும். அரக்கு உடம்பு, கடுகு மஞ்சள் கட்டம், ஒரு சாண் அகலத்துக்குக் கரை. பழைய பருத்தி. தொட்டால் கனம் தெரிந்தது.

"ஓரத்துல ஒரு கறை இருக்கும்மா, என்ன போட்டும் போகல. அதான் விலையைக் குறைச்சுச் சொல்றேன்" என்றார் கடைக்காரர்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு புள்ளி, பக்கத்தில் ஒரு கோடு. அது கறையே இல்லை. சேங்கொட்டைக் குறி. அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் குறியைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அப்பத்தா. கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நாங்கள் ஊர் வண்ணார். அப்பத்தா பதின்மூன்று வயதில் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அறுபது வயது வரைக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெளுத்தவள். சேங்கொட்டையை ஊசியால் குத்தினால் ஒரு பால் வரும். அதைத் துணி ஓரத்தில் வைத்து, மேலே சுண்ணாம்பைத் தொட்டுவிட்டால் கறுப்பாக ஏறிக்கொள்ளும். வெள்ளாவியில் வைத்து ஆவியில் அவித்தாலும் போகாது, துணி கிழிகிற வரைக்கும் இருக்கும். கையில் பட்டால் தோல் வெந்து புண்ணாகிவிடும். அப்பத்தாவின் வலது கை ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி, இன்னொரு வீட்டுக்குப் புள்ளியும் கோடும், இன்னொன்றுக்குக் குறுக்குக் கோடு. எழுதப் படிக்கத் தெரியாதவள் முப்பது வீட்டின் பெயரையும் இப்படித்தான் எழுதி வைத்திருந்தாள்.

அந்தக் காலத்தில் உடுப்பை வைத்து ஆளை அறிந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு துணி மூட்டையை அவிழ்த்தால் எவ்வளவு தெரியும் என்பதை அப்பத்தா சொல்லித்தான் நான் புரிந்துகொண்டேன். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு மறு தெருவில். அப்பத்தா போனதெல்லாம் பின்கட்டுக்கு. முகப்பில் ஏறி அவள் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் முகப்பில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாத விஷயம் அவளுக்குத் தெரியும். எந்த வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது, யார் மாசக் கணக்கில் காய்ச்சலில் கிடக்கிறார், யார் பர்மாவிலிருந்து கணக்கு முடித்துத் திரும்பியிருக்கிறார், எல்லாம் மூட்டையில் வந்துவிடும். அந்த ஊர்க் கைலி ஒன்று புதிதாக மூட்டையில் விழுந்தால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம்.

ஒரு வீட்டைப் பற்றி அவள் அடிக்கடி சொல்வாள். கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம்தான் ஆன ஆச்சி ஒருத்தர். கண்டாங்கியில் பச்சை, அரக்கு, மஞ்சள் எல்லாம் வரும். செட்டியார் ரங்கூனில் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போயிருந்தார். ஒரு மாதம் அந்த வீட்டு மூட்டையில் வண்ணச் சேலை ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரம் அவிழ்த்தால் அத்தனையும் வெள்ளை. அதே குறியை வெள்ளைச் சேலையில் போடும்போது கை நடுங்கிற்று என்பாள் அப்பத்தா. அந்த ஆச்சிக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அப்புறம் நாற்பது வருஷம் வெள்ளைதான் வெளுத்திருக்கிறாள் அந்த வீட்டுக்கு.

கண்டாங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று கடையில் விற்பது கால் வரைக்கும் இறங்கும் நீளச் சேலை, கூடவே ரவிக்கைத் துணி. பழைய கட்டு வேறு. பின்கொசுவம் வைத்து, கெண்டைக்கால் தெரிய உயர்த்திக் கட்டுவார்கள். முரட்டுப் பருத்தி என்பதால் வெயிலுக்கும் வேலைக்கும் தாங்கும், கட்டினால் நழுவாது. ரவிக்கை கிடையாது. கோடி கோடியாக வட்டித் தொழில் நடத்திய வீட்டு ஆச்சிமாரும் இப்படித்தான் உடுத்தினார்கள். செட்டியார்மாரும் அப்படித்தான். ரங்கூன் மொகல் தெருவில், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் வெள்ளை வேட்டியும் திறந்த மார்பும் திருநீறுமாகத் தரையில் உட்கார்ந்து, பெட்டியடியில் கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். செல்வமெல்லாம் கழுத்துரு என்கிற தாலி நகையில் இருந்தது, வைரத் தோட்டில் இருந்தது, பர்மா தேக்கில் இருந்தது. துணியில் அதைத் தேடினால் கிடைக்காது.

சிறு வயதில் இதைக் கேட்டு எனக்கு ஒரு சந்தேகம். அப்பத்தாவும் ரவிக்கை போட்டதில்லை. அவள் சேலையும் கெண்டைக்கால் உயரம்தான். வயலில் வேலை செய்த பெண்களும் அப்படித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய வீட்டு ஆச்சியும் நாற்று நடுகிறவளும் ஒரே மாதிரி தெரிய மாட்டார்களா? அப்பத்தாவிடம் கேட்டேன். "ஆச்சி நெனச்சா நாளைக்கே ரவிக்கை போடலாம்டி. நாங்க நெனக்கவே முடியாது" என்றாள்.

அவள் சொன்னதன் முழு அர்த்தம் பல வருஷம் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது தெரிந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் ஒரு பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். நாங்கள் இருந்த அதே இராமநாதபுரம் ஜில்லா, 1930 டிசம்பர். ஆதிக்கச் சாதியார் ஒன்றுகூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஜூனில் தடை பதினொன்றாகப் பெருகியது.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது அப்பத்தாவுக்குப் பத்து வயது இருந்திருக்கும், தேவகோட்டைப் பக்கம் பிறந்த வீட்டில் இருந்திருப்பாள்.

அதற்கு ஒன்பது வருஷம் முன்னால்தான், 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, பக்கத்து மதுரையில் மேலமாசி வீதி வீட்டில் காந்தி தன் சட்டையைக் களைந்து அரை வேட்டிக்கு மாறினார். ஏழைகளால் வாங்க முடியாத துணி தனக்கும் வேண்டாம் என்று அவர் எடுத்த முடிவு அது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பக்கத்து ஜில்லாவில் ஒரு பனியன் போட்டதற்காக ஒருவன் வீட்டை இழந்தான் என்பதையும் சேர்த்தே அந்த வருஷங்களை நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் கதையை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்தில் 1363ல் ஒரு சட்டம் வந்தது. ஏர் உழுகிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் மட்டமான கம்பளித் துணிக்கு மேல் உடுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, அடிபட்டு, 1859ல்தான் மேலாடைக்கு அரசு உத்தரவு பெற்றார்கள். எங்கே பார்த்தாலும் உழைக்கிறவனின் முதுகுக்குத்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஊர் வண்ணார் சேரித் துணியை வெளுக்க மாட்டார்கள். அவர்களுக்குப் புதிரை வண்ணார் தனியாக இருந்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைத் தங்களுக்குக் கீழே வைத்திருந்தார்கள். பின்கட்டிலேயே நிறுத்தப்பட்ட என் அப்பத்தா, இன்னொருத்தியைத் தன் துறைக்குப் பக்கத்தில் விட்டதில்லை. கண்மாயில் எங்கள் கல் தனி, அவர்கள் கல் தனி. இதை அவளிடம் நான் கேட்டபோது நெடுநேரம் பேசாமல் இருந்தாள். "அப்படித்தான் இருந்துச்சு தாயி, தப்புத்தான்" என்றாள். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், அவள் சோற்றில் வளர்ந்தவள் நான்.

அவளுக்கு ஒரே ஒரு நாள் வேறு வாழ்க்கை கிடைத்தது. கல்யாணமான புதிதில் சிங்கம்புணரிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். உடுத்திக்கொள்ள நல்ல சேலை இல்லை. வெளுக்க வந்த கண்டாங்கி ஒன்றை, மாமியாருக்குத் தெரிந்தே, கட்டிக்கொண்டு போனாள். வழியில் ஒரு ஊரில் தண்ணீர் கேட்டிருக்கிறாள். திண்ணையில் இருந்தவர் எழுந்து, "வாங்க ஆச்சி, உக்காருங்க" என்றாராம். ஐம்பது வருஷம் கழித்து அதைச் சொல்லும்போதும் அவள் குரல் தாழ்ந்துவிடும். உட்கார்ந்தாயா என்று கேட்டேன். "எப்படிடி உக்காருவேன்? ஓரத்துல குறி இருக்கே, முந்தானை காத்துல தூக்கினா தெரிஞ்சிருமே." தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு நடந்திருக்கிறாள். திரும்பி வந்து அந்தச் சேலையை இரண்டு முறை வெள்ளாவி வைத்தாளாம்.

1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த பிறகு மூட்டைகளே மாறிப்போயின. பல வீடுகளில் போட்ட முதல் அங்கேயே போயிற்று. தேக்குத் தூணும் சலவைக்கல்லும் அப்படியே நிற்க, சேலைகளில் மட்டும் ஒட்டு ஏறியது. கிழிந்த உடம்பை வெட்டிவிட்டு நல்ல கரையை இன்னொரு சேலையில் வைத்துத் தைத்திருப்பார்களாம். அப்பத்தா யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஒட்டுப் போட்ட துணிகளை மடித்து மூட்டைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள், பக்கத்து வீட்டார் பார்த்துவிடக் கூடாதே என்று.

அப்பத்தா சாகும் வரை ரவிக்கை போடவில்லை. என் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "போடக் கூடாதுன்னு சொன்ன வயசுல ஆசையா இருந்துச்சு. இப்ப கூச்சமா இருக்கு" என்று மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

2019ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். காரைக்குடியில் தறி வைத்திருக்கும் தேவாங்கச் செட்டியார் வீடுகளுக்கு அது உதவினால் இன்னும் சந்தோஷம். விளம்பரங்களில் ஆச்சிமார் கட்டிய சேலை என்று போடுகிறார்கள், அதுவும் உண்மை. அதை நெய்தவர்களும் வெளுத்தவர்களும் அந்த விளம்பரத்தில் இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

வாங்கி வந்த சேலையைப் போன வாரம் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எண்பதைத் தாண்டிவிட்டார், பார்வை மங்கல். அப்பத்தாவோடு துறைக்குப் போன கடைசிப் பிள்ளை அவர்தான். குறியை விரலால் தடவினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு புள்ளி ஒரு கோடு... நம்ம ஊர்ல அப்படி ஒரு வீடு இருந்துச்சு. ஆனா இது ஆத்தா கை இல்ல தாயி. ஆத்தா கோடு நேரா நிக்கும். இது வலப்பக்கம் சாயுது. வேற ஊர் வண்ணாத்தி யாரோ."

சேலையை அவரே மடித்தார், குறி உள்பக்கம் போகிற மாதிரி.