பூட்ரோம் எங்க பார்க்குதுன்னு முதல்ல கேளுங்க

டீம்ல புதுசா சேர்ற பசங்க லினக்ஸ் இன்ஸ்டால் பண்ண உக்காந்தா முதல்ல கேக்கறது, டிஸ்க்க பார்ட்டிஷனா பிரிக்கறப்போ ரூட்டுக்கு (சிஸ்டம் ஃபைலுங்க) எவ்ளோ, ஹோமுக்கு (நம்ம ஃபைலுங்க) எவ்ளோ, ஸ்வாப் (ரேம் பத்தாதப்போ உதவற இடம்) ரேம விட ரெண்டு மடங்கு வைக்கணுமா, இதுதான். சாதாரண பிசிக்கு அது போதும். ஸ்பார்க், பவர்பிசி, ஆர்ம் போர்டுன்னு வேற வகை ப்ராசசரோட கையில வந்து விழற ஐட்டங்களுக்கு அதெல்லாம் கடைசி கேள்வி. லினக்ஸ் கர்னலுக்கு எம்பிஆர், ஜிபிடி, சன் லேபிள், ஆப்பிள் மேப்னு எல்லா வகை பார்ட்டிஷன் டேபிளும் படிக்க வரும், அதுக்கு முன்னாடி ஓடுற ஃபர்ம்வேருக்குத்தான் (மிஷினுக்குள்ளயே இருக்கற பூட்ரோம் மாதிரி ஸ்டார்ட்டிங் ப்ரோக்ராம்) வராது. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணு ரெண்டு வழிதான், அது தேடற இடத்துல பூட் லோடர வைக்கலேன்னா மிஷின் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்.

பழைய சன் ஸ்பார்க் மிஷின எடுத்துக்கோங்க. அதோட ஃபர்ம்வேரான ஓப்பன்பூட்டுக்கு சன் டிஸ்க்லேபிள்தான் புரியும், அதுல 8 ஸ்லைஸ் (பார்ட்டிஷனுக்கு சன் வச்ச பேரு), 3வது முழு டிஸ்க்கையும் குறிக்கும். பார்க்கறவங்களுக்கு இது மத்ததோட ஓவர்லேப் ஆகற மாதிரி தெரியும், உடனே டிலீட் பண்ண கை போகும், தொடாம விட்டுடுங்க. விஷயமே ஃபார்மட்ல இருக்கு: முதல் ஸ்லைஸ் சிலிண்டர் 0ல ஆரம்பிச்சா லேபிள் எழுதியிருக்கற செக்டாரும் (டிஸ்க்கோட 512 பைட் துண்டு) அந்த ஸ்லைஸுக்குள்ளயே வந்துடும். எக்ஸ்ட்2, 3, 4 ஃபைல்சிஸ்டம் எல்லாமே முதல் 1024 பைட்ட விட்டுட்டுத்தான் சூப்பர்பிளாக் (தன்னப் பத்தின அடிப்படை விவரம்) எழுதும், லேபிள் தப்பிச்சுடும். எக்ஸ்எஃப்எஸ் அப்படி இல்ல, 0வது பைட்லயே வந்து உக்காரும், பார்ட்டிஷன் டேபிள் காலி. ஒரே டிஸ்க், ஒரே பார்ட்டிஷன், ஃபைல்சிஸ்டம் மட்டும் மாறினதுல பூட் போச்சு.

ஆர்ம் போர்டு கதை இன்னும் கூத்து. ஆல்வின்னர் சிப்போட பூட்ரோம் எஸ்டி கார்டுல 8 கேபி தள்ளி, அதாவது 16வது செக்டார்ல எஸ்பிஎல்லத் (முதல்ல ஓடற குட்டி பூட் லோடர்) தேடும். ஜிபிடி போட்டா 0ல டம்மி எம்பிஆர், 1ல ஹெட்டர், 2லேருந்து 33 வரைக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்குமான என்ட்ரிங்க. ரெண்டும் ஒரே இடத்துக்கு அடிச்சுக்கும். எஸ்பிஎல்ல டிடி (டிஸ்க்குக்கு நேரடியா எழுதற கமாண்ட்) பண்ணினதும் என்ட்ரிங்களோட செக்சம் தப்பாயிடும், ஆனா போர்டு பூட் ஆகும், கர்னலுக்கு பூட் ஆப்ஷன்ல gpt-ன்னு குடுத்திருந்தா அதுவும் கார்டு கடைசில இருக்கற பேக்கப் டேபிள எடுத்து ஓட்டிக்கலாம். அப்புறம் யாராவது நல்ல மனசோட ஜிடிஸ்க்க (ஜிபிடி டேபிள மாத்தற டூல்) ஓட்டி, டேபிள் கெட்டிருக்குன்னு அது எச்சரிச்சதும் பேக்கப்லேருந்து மறுபடி எழுதிடுவாங்க. டேபிள் சுத்தமாயிடும், எஸ்பிஎல் இருந்த இடத்துல என்ட்ரிங்க உக்காந்துடும், சீரியல் கேபிள் மாட்டிப் பார்த்தா ஒரு எழுத்து வராது. என்ட்ரிங்க எண்ணிக்கைய 128லேருந்து 56ஆ குறைச்சா 15வது செக்டாரோட முடிஞ்சுடும், சண்டை இல்ல. பிற்பாடு வந்த சில சிப்புங்க 128 கேபிலயும் தேடும், எஸ்பிஎல்ல அங்க வச்சாலும் சரிதான். சின்ன கார்டுக்கு நான் பேசாம எம்பிஆர்தான் போடறது, நாலு பார்ட்டிஷனுக்கு மேல அங்க என்ன வேலை.

பழைய பவர்மேக்ல (பவர்பிசி ப்ராசசர் இருந்த ஆப்பிள் கம்ப்யூட்டர்) முதல் பார்ட்டிஷன்னா அந்த ஆப்பிள் மேப்பே தான், யாபூட்டுக்கு (அங்க லினக்ஸ பூட் பண்ற லோடர்) 800 கேபில ஒரு குட்டி பார்ட்டிஷன் தனியா ஒதுக்கணும். ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல டாஸ்டி டிஸ்க்குன்னா (மெயின்ஃப்ரேமுக்கே உரிய டிஸ்க் வகை) பார்ட்டிஷனுக்கு முன்னாடியே டாஸ்டிஎஃப்எம்டின்னு ஒரு டூல ஓட்டி லோ லெவல் ஃபார்மட், அதுக்கப்புறம் எஃப்டாஸ்டிங்கற பார்ட்டிஷன் டூல்ல வழக்கமான லேஅவுட்ல மூணே மூணு பார்ட்டிஷன். நாலாவது வேணும்னா எல்விஎம்தான் (பார்ட்டிஷனுக்கு மேல இன்னும் பிரிச்சுக்கற வசதி).

அதனால எந்த புது ஐட்டம் வந்தாலும், ஏற்கனவே பூட் ஆகற டிஸ்க்கு கூட வந்திருந்தா அதோட முதல் 16 எம்பிய டிடில ஃபைலா எடுத்து ஹெக்ஸ்டம்ப்ல (பைட்டுகள அப்படியே காட்டற டூல்) பார்த்துடறது, எஸ்எஃப்டிஸ்க்ல பார்ட்டிஷன் டேபிளோட டம்ப்பும் எடுத்து வச்சுக்கறது. ஒரு எம்பி எடுத்தா போதும்னு சிலர் சொல்வாங்க, பிசிக்கு பெரும்பாலும் சரி, ராக்சிப்புக்கு (இன்னொரு ஆர்ம் சிப் கம்பெனி) பத்தாது. ராக்சிப்ல முதல் லோடர் 64வது செக்டார்ல இருக்கும், ஜிபிடி 33லயே முடிஞ்சுடறதால தொந்தரவு இல்ல, ஆனா அடுத்து ஓடற பெரிய லோடரான யூ-பூட் 8 எம்பி தள்ளி 16384வது செக்டார்ல உக்காந்திருக்கும். அதனால அங்க முதல் பார்ட்டிஷன 16 எம்பிலேருந்துதான் ஆரம்பிக்கறது. டிஸ்க் ஸ்பேஸ் வீணாகுதேன்னு ஒரு பையன் அத 1 எம்பிக்கு இழுத்துட்டு வந்தான், ஃபார்மட்டும் பண்ணான், யூ-பூட்ட மறுபடி எழுதினதும் அவனோட ஃபைல்சிஸ்டம்ல ஓட்டை.