பிளவ் லேன்: பழைய மாணவர்களின் மைதானம்

கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, கல்லூரி மைதானத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். வேலியோரத்து வேப்பமர நிழலில் சப்பாத்து இல்லாமல் உதைபந்து ஆடியவன் நான். ஆனால் இம்முறை எழுத விரும்புவது, இலண்டனில் நான் குடியிருக்கும் விம்பிள்டனில் உள்ள இன்னொரு மைதானத்தைப் பற்றி. நம்மில் பலர் எஃப்ரா வீதிப் பிள்ளையார் கோயிலுக்கு வருகிறோம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் பிளவ் லேன் என்ற உதைபந்து மைதானம் இருக்கிறது. அதன் கதை நம் சங்கத்தவர் அனைவரும் அறிய வேண்டிய கதை.

ஏனென்றால் பிளவ் லேனில் ஆடிய விம்பிள்டன் உதைபந்துக் கழகத்தைத் தொடங்கியவர்களும் பழைய மாணவர்களே. 1889இல் ஒரு பாடசாலையில் படித்து வெளியேறிய இளைஞர்கள் கூடி 'விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ்' என்று அணிக்குப் பெயர் வைத்தார்கள். சொந்த மைதானம் இல்லை. விம்பிள்டன் கொமன் என்ற திறந்தவெளியில் ஆடினார்கள். பக்கத்து மதுச்சாலையில் உடை மாற்றிக்கொண்டார்கள். 1905இல் பெயர் வெறும் 'விம்பிள்டன்' ஆனது. 1912இல் பிளவ் லேனில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. சதுப்பு நிலம், குப்பை கொட்டிய இடம். அதைச் சீர்படுத்தித்தான் ஆடத் தொடங்கினார்கள். 1923இல் கிளப்டன் ஓரியன்ட் கழகத்திடம் ஒரு பார்வையாளர் கொட்டகையை விலைக்கு வாங்கி வந்து இங்கே நிறுத்தினார்கள். இதை வாசித்தபோது, பழைய தகரத்தையும் மரத்தையும் கேட்டு வாங்கி நம் கல்லூரிக்குக் கொட்டில் போட்ட பெரியவர்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள்.

நான் முதன்முதலில் உள்ளே போனது 1987இல், குளிர்காலத்தில். எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை. கூட வேலை செய்த ஆங்கிலேய முதியவர் ஒருவர் தன் செலவில் கூட்டிப் போனார். சுழல் கதவு மிக ஒடுக்கம். கடன் வாங்கிய என் மேலங்கி அதில் மாட்டிக்கொண்டது. உள்ளே போனால் சீமெந்துப் படிகள், ஈரப் புல்லின் மணம். படியில் நின்றால் பந்தை உதைக்கும் சத்தம் காதுக்குள் கேட்கும். அவர் சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியில் தேநீர் ஊற்றித் தந்தார். அதைக் குடித்தபோது, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து முதல்தடவையாக ஓர் ஊருக்குள் நிற்பதாக உணர்ந்தேன்.

1977இல்தான் 'ஃபுட்போல் லீக்' என்ற நாடளாவிய தொழில்முறை லீக்குக்குள் வந்த கழகம், 1986இல் அன்றைய உச்சப் பிரிவான முதலாம் பிரிவைத் தொட்டது. 1988 மே 14 அன்று வெம்பிளியில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம். எதிரே அந்த ஆண்டின் சாம்பியன் லிவர்பூல். லோரி சான்செஸ் தலையால் அடித்த ஒரு கோல். ஜோன் ஓல்ட்ரிட்ஜின் பெனால்டியைப் பாய்ந்து தடுத்த கோல்காப்பாளர் டேவ் பீசன்ட். டூட்டிங்கில் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். அன்று நாங்கள் போட்ட சத்தத்துக்கு வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

1990 ஜூனில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து நம் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. கல்லூரியும் கூடவே போனது. அடுத்த ஆண்டு விம்பிள்டன் கழகம் பிளவ் லேனை விட்டுப் போனது. நமது இழப்பையும் அதையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அங்கே எவரும் உயிருக்குப் பயந்து ஓடவில்லை. 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் பலர் உயிரிழந்த அனர்த்தத்தின் பின் வந்த டெய்லர் அறிக்கை, மேல்பிரிவுக் கழகங்களின் மைதானங்களில் எல்லோரும் இருக்கையில் அமர வேண்டும் என்றது. பிளவ் லேனை அப்படி மாற்றியமைக்க முடியாது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. கிரிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்குத் தற்காலிகமாகப் போகிறோம் என்றார்கள். 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கேட்டால் நம் ஊரவர் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும்.

1998இல் பழைய மைதானத்தை ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனம் வாங்கியது. 2002இல் இடித்தார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அதே 2002 மே 28 அன்று, கழகம் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குப் போகலாம் என்று உதைபந்துச் சங்கமான எஃப்.ஏ. நியமித்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என அனுமதி கொடுத்தது. அது மாபெரும் அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சில வாரங்களுக்குள் 'ஏ.எஃப்.சி. விம்பிள்டன்' என்று தாங்களே புதிய கழகம் தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்தது எங்கே தெரியுமா? முன்னோர் ஆடிய அதே விம்பிள்டன் கொமனில். இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஒன்பதாம் படிநிலை லீக்கில், கிங்ஸ்டனில் உள்ள கிங்ஸ்மெடோ மைதானத்தில் தொடங்கி, ஒன்பது பருவங்களில் ஐந்து முறை தரம் உயர்ந்து, 2011இல் ஃபுட்போல் லீக்குக்குத் திரும்பினார்கள். கழகத்தின் பெரும்பங்கு ரசிகர்களின் சொத்து. தனி முதலாளி இல்லை.

ஆனாலும் கிங்ஸ்டன் விம்பிள்டன் ஆகாது. பழைய மைதானத்திலிருந்து 250 யார் தூரத்தில், பிளவ் லேனிலேயே, நாயோட்ட அரங்கு ஒன்று இருந்தது. 2017இல் அது மூடப்பட, அந்த இடத்தில் புதிய மைதானம் எழுந்தது. பணம் போதவில்லை. 2020 தொடக்கத்தில் ரசிகர்களிடம் கடன்பத்திரம் விற்று 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினார்கள். வட்டி 0 முதல் 4 வீதம் வரை, எவ்வளவு வேண்டும் என்று கொடுப்பவரே தெரிவுசெய்யலாம். நாங்களும் ஆயிரம் பவுண் போட்டோம். கணினி முன்னால் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற மனைவி, "பூச்சியம் என்று போடுங்கள்" என்றாள்.

2020 நவம்பர் 3 இரவு டொன்காஸ்டர் அணியுடன் முதல் ஆட்டம், 2–2. கொரோனா காலம் என்பதால் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. நான் குளிரில் நடந்துபோய் வீதியோரம் சற்று நேரம் நின்றேன். மேலே மின்னொளி, உள்ளிருந்து ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல்கள். தேநீர் தந்த அந்த முதியவர் அதைக் கேட்க இருக்கவில்லை. அடுத்த ஆண்டு என் மகனோடு உள்ளே போய் அமர்ந்தேன். ஒன்பதாயிரம் பேருக்குச் சற்று மேல் கொள்ளும் அரங்கு, பெரியதல்ல. பந்தை உதைக்கும் சத்தம் இங்கும் கேட்கிறது.

2024 செப்டெம்பரில் அருகே ஓடும் வொன்டில் ஆறு பெருக்கெடுத்து மைதானத்துக்குள் புகுந்தது. புல்தரையின் ஒரு மூலை குழியாக உள்வாங்கியது. நியூகாசில் அணியுடனான கிண்ண ஆட்டத்தை அவர்கள் ஊருக்கே மாற்ற வேண்டியதாயிற்று. ரசிகர்கள் மறுபடி பணம் சேர்த்தார்கள். அடுத்த மே மாதம் வெம்பிளியில் வோல்சால் அணியை 1–0 என வென்று மூன்றாம் பிரிவுக்கு ஏறினார்கள்.

நம் கல்லூரியும் தன் மண்ணுக்குத் திரும்பிவிட்டது. மைதானத்தில் பற்றை வெட்டிக் கோல் கம்பம் நட்ட படத்தை மைத்துனர் அனுப்பியிருந்தார். வேப்பமரம் இல்லை. சுற்றுமதிலுக்கு நிதி கேட்டுச் சங்கத்திலிருந்து போன கிழமை படிவம் வந்தது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள், தொகை எழுதும் கட்டத்தை மனைவி நிரப்பி வைத்திருந்தாள்.